பொழுதுபட நின்றுபோன ஹீற்றிங்

இந்தச் சம்பவங்கள் தொடங்குவதற்கு முன்னர் என் நிலை என்ன என்பதை முதலில் எழுதிவிடுவது முறை. நான் பொறியியல் பட்டதாரி. ஊரில் இருந்த காலத்தில் பெரிய குளங்களின் துருசுகள், அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகுகள், என் பொறுப்பில் இருந்தன. தண்ணீர் குறைந்த வருடங்களில் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு விடுவது என்று தீர்மானித்தவன் நான். ஒரு பக்கத்தாருக்குச் சாய்ந்தேன் என்று எவரும் சொன்னதில்லை. லண்டனுக்கு வந்த பின்னர் ஒரு கவுன்சிலின் வடிகால் பகுதியில் பணிபுரிந்து ஓய்வு பெற்றேன். எங்கள் கோயில் நிர்வாகத்தில் பல தடவை பொறுப்பு வகித்திருக்கிறேன். மண்டபத்துப் பொயிலரை மாற்றியபோது என்னிடம் கேட்டுத்தான் மாற்றினார்கள். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. பின்னால் என்னைப் பற்றிப் பேசியவர்கள், எப்படிப்பட்ட ஒருவனைப் பற்றிப் பேசினார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீடு இல்ஃபோர்ட்டில், வரிசை வீடுகளில் ஒன்று. நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். ஒரே மகன் குடும்பத்துடன் லண்டனின் மறுகோடியில், மோர்டனில் இருக்கிறான். முந்திய குளிர்காலத்தில் என் மனைவிக்கு நியுமோனியா வந்து ஆஸ்பத்திரியில் இருந்து மீண்டார். இனி அவர் இருக்கும் அறை குளிரவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் பகலில் இருப்பது முன்னறையில். சாமிப் படங்கள் இருப்பதும் அந்த அறையில்தான்.

எங்கள் ஹீற்றிங் பழைய ஏற்பாடு: பொயிலர் சுடவைக்கும் தண்ணீர் குழாய் வழியே ஒவ்வொரு அறையின் ரேடியேற்றருக்கும் போய் அறையைச் சூடாக்கும். முன்கதவை அடுத்த ஹோலில் ஒரேயொரு தெர்மோஸ்ராற். ஹோல் சூடாகிவிட்டால் முழு வீடும் சூடாகிவிட்டது என்று அது முடிவு செய்து பொயிலரை நிறுத்திவிடும். அது நிற்காமல் இருக்க நான் அளவைக் கூட்டினால், ஆள் இல்லாத மேலறைகள் எல்லாம் வேகும். ஓர் ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து குசினி மேசையில் லப்ரொப்பைத் திறந்து வைத்தான்.

"அப்பா, ஹோல்ல கிடக்கிற ஒரு பெட்டி முழு வீட்டுக்கும் தீர்ப்புச் சொல்லுது. அம்மா இருக்கிறது முன்னறையில."

"அது எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியோ?"

"தெரியுமெண்டால் ஏன் இவ்வளவு நாளும் மாத்தேல்லை?"

"கேக்கிற விதத்தைப் பார்," என்றேன் மனைவியிடம். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை.

ஒவ்வொரு ரேடியேற்றரின் வால்விலும் உள்ள பழைய மூடியைக் கழற்றிவிட்டு, பற்றரியில் இயங்கும் புதிய மூடியைப் பூட்டினால் அந்தந்த அறைக்கு அந்தந்த வெப்பம் வைக்கலாம். சுடுநீரை விடுவதும் அடைப்பதும் அந்த மூடியின் வேலை. ஹோல் தெர்மோஸ்ராற்றைக் கூட்டி வைத்தாலும் மேலறைகள் வேகாது. எனக்கு இது புதிய விஷயமே அல்ல. பிரதான வாய்க்கால் ஒன்று, கிளை வாய்க்கால்கள் பல, ஒவ்வொன்றுக்கும் ஒரு துருசு. வாழ்நாளில் பாதியை இதில்தான் கழித்தேன்.

மகன் மூன்று வகைகளைக் காட்டினான். முதலாவது வகை எதனோடும் தொடர்பில்லாதது. ஒவ்வொரு மூடிக்கும் தன் சொந்த மணிக்கூடு. மாற்ற வேண்டுமானால் ஒவ்வொன்றிடமும் குனிய வேண்டும். என் மனைவியால் குனிய ஏலாது. இரண்டாவது, முட்டைபோல வழவழப்பாக வெள்ளையாக இருந்தது. திருப்ப வளையம் இல்லை, அழுத்த ஒரு புள்ளி இல்லை. எல்லாம் போனில்தான். பார்த்த மாத்திரத்தில் அதை ஒதுக்கினேன். தண்ணீர் போகும் வழியில் மனிதன் கைவைக்க ஓரிடம் இருக்கவேண்டும். போன் செத்தால் வீடும் குளிர்ந்துபோகும் ஓர் ஏற்பாட்டில் நான் கையெழுத்து வைக்கமாட்டேன். மூன்றாவது வகை கையாலும் திருப்பலாம், போனாலும் மாற்றலாம். மகனுக்கு அதுதான் வேண்டியிருந்தது. அதற்கு அவன் காரணம் வேறு.

"என்ர போனிலயும் போட்டால் ஒவ்வொரு அறையும் எவ்வளவு சூடெண்டு நான் பாத்துக்கொள்ளுவன்."

"மோர்டனில இருந்து என்னை உளவு பாக்கப் போறியோ?"

"உங்களை இல்லையப்பா. ரேடியேற்றரை."

"ரெண்டும் ஒண்டுதான்," என்றார் மனைவி கீரையைப் பார்த்தபடி. "ரெண்டும் சூடேற நேரமெடுக்கும். ஏறினால் இறங்காது."

மகன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆனாலும் மூன்றாவது வகையே சரி என்று நான் ஏற்கனவே முடிவு செய்திருந்தேன்.

எந்தெந்த அறைக்கு என்ற பேச்சு அதைவிட நீண்டது. எல்லா ரேடியேற்றருக்கும் பூட்டலாம் என்றான் மகன். ஹோலில் உள்ளதற்குப் பூட்டக்கூடாது என்றேன். எல்லாத் துருசும் ஒரே நேரத்தில் அடைபட்டால் பொயிலர் தள்ளும் தண்ணீர் போக வழியிருக்காது. ஒன்றாவது எப்போதும் திறந்திருக்க வேண்டும். அவன் லப்ரொப்பில் தேடிப் பார்த்துவிட்டு, "ஓமப்பா, அப்பிடித்தான் போட்டிருக்கு" என்றான். தேடியிருக்க வேண்டியதில்லை. மேலே அவன் முன்பு படித்த அறைக்கு வெப்பத்தைக் குறைத்து வைக்க நினைத்தேன். மனைவி விடவில்லை.

"அவன் வந்தால் படுக்கிற அறை."

"அம்மா, நான் வந்தாலும் படுக்கிறேல்லையே."

"படுக்கிறேல்லைதான். அதுக்காக அறையைக் குளிர விடுறதோ?"

அந்த அறைக்கும் சாதாரண வெப்பம் என்று தீர்ந்தது.

எழுந்து போகும்போதுதான் மகன் தன் நிபந்தனையைச் சொன்னான். "இந்த விண்டர் பாப்பம் அப்பா. முன்னறை குளிராமல் இருந்தால் நல்லது. குளிர்ந்தால், ரெண்டு பேரும் எங்களோட வந்து இருங்கோ. வீட்டை வாடகைக்கு விடுவம்."

என் வயதில் பிள்ளைகளின் வீட்டுக்குச் சில மாதங்களுக்கென்று போனவர்களை நான் அறிவேன். ஒருவரும் திரும்பி வரவில்லை. அவர்கள் பொருட்கள் முதலில் கராஜுக்குப் போகும்; பிறகு கராஜிலும் இருக்காது. இருந்தும் மகன் கேட்டது நியாயம். அவன் தாயின் சுவாசத்தைப் பற்றிய கேள்வி அது. நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதில் நிற்பது என் வழக்கம்.

அடுத்த கிழமை மகனே வந்து மூடிகளைப் பூட்டினான். முன்னறை இதமாக இருந்தது. மேலறைகள் வீணாக வேகவில்லை. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து மண்டபத்தில் பிரசாதம் வாங்கிக்கொண்டு நின்றபோது சிலர் விசாரித்தார்கள். தெரிந்ததைச் சொன்னேன். எந்த வகை, ஏன் அந்த வகை, ஏன் ஹோலை விடவேண்டும் என்று விளக்கினேன். மனோர் பார்க்கில் இருக்கும் நண்பர் ஒருவர், கடை வைத்திருந்து இப்போது பிள்ளைகளிடம் ஒப்படைத்தவர், என் சொல்லை நம்பி அதே வகையை வாங்கிப் பூட்டினார்.

வெளியே குளிர் இறுகி, மார்கழி பிறக்கும் சமயத்தில்தான் தொல்லை தொடங்கியது. பின்னேரங்களில் முன்னறை குளிரத் தொடங்கிற்று. அந்த நாட்களில் நாலு மணிக்கே பொழுது பட்டுவிடும். என் மனைவி விளக்கேற்றுவார். விளக்கு வைக்கும் நேரத்தில் முன்கதவைத் திறந்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். லட்சுமி உள்ளே வரும் நேரம். முன்னறைக் கதவையும் அகலத் திறந்து, வாசலில் இருந்து படம் வரைக்கும் வழிவிட்டு நிற்பார். நான் தேவாரம் பாடுவேன். பாடி முடிந்ததும் கதவைச் சாத்துவோம். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் ஒருநாளும் தவறியதில்லை.

கதவைத் திறந்தால் குளிர் வரும். அது எதிர்பார்த்ததுதான். கதவைச் சாத்திய பிறகும் அறை சூடேறாமல் இருந்ததுதான் விளங்கவில்லை. மனைவி போர்வையை இழுத்துக் காலைச் சுற்றிக்கொள்வார்.

"குளிருதோ?"

"இல்லை. சும்மா."

நான் எழுந்து ரேடியேற்றரில் கைவைத்துப் பார்ப்பேன். பச்சைத் தண்ணீர்போல இருக்கும். மூடியின் வளையத்தைக் கையால் திருப்பிக் கூட்டுவேன். சற்று நேரத்தில் மறுபடி சூடேறும். மறுநாள் அதே கதை.

ஒரு வியாழக்கிழமை மகன் போன் எடுத்தான்.

"அப்பா, பின்னேரத்தில ஏன் முன்னறையை நிப்பாட்டுறீங்கள்?"

"நான் நிப்பாட்டேல்லை."

"இஞ்சை தெரியுதப்பா. ஒவ்வொரு நாளும் பொழுதுபட நிக்குது. பிறகு ஆரோ கையால திருப்பினதெண்டு கிடக்கு."

"கையால கூட்டினது நான். நிண்டுபோய்க் கிடந்ததைக் கூட்டினனான்."

"அப்ப நிப்பாட்டினது ஆர்? அம்மாவால குனிய ஏலாது. வீட்டில வேற ஆர் இருக்கினம்?"

"உன்ர சாமான் பழுது."

"மற்ற அறை ஒண்டும் நிக்கேல்லையே. முன்னறை மட்டும்தான். அப்பா, லிசின், சிக்கனம் பிடிக்கிற நேரமில்லை இது. அம்மா அந்த அறைக்கை இருக்கிறா."

"என்ர சொல்லிலும் பார்க்க உன்ர போன் பெரிசோ?"

"போன் பொய் சொல்லாதப்பா."

"அப்ப நான்?"

அவன் பேச்சை மாற்றினான். ஞாயிற்றுக்கிழமை காரோடு வருவதாகவும், தங்கள் வீட்டில் கீழறை ஆயத்தமாக இருப்பதாகவும் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

ஊரில் தண்ணீர் வழக்குகளில் என் சொல்லைக் கேட்டே வாய்க்காலைத் திறந்திருக்கிறார்கள். என் சொல் வேண்டாம் என்று என்னிடமே சொன்ன முதல் ஆள் என் மகன்.

நான் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சம் இருமினார். அந்தக் கிழமை முழுவதும் இருமல் இருந்தது. நான் கேட்டபோதெல்லாம் தண்ணீர் மாறியது, தாளித்த புகை என்று சொல்லியிருந்தார்.

"உமக்கு இவ்வளவு நாளும் குளிர்ந்ததோ, இல்லையோ?"

"குளிர்ந்ததுதான்."

"ஏன் சொல்லேல்லை?"

"இஞ்சருங்கோ, உங்களுக்குச் சொன்னால் நீங்கள் சொல்லின் பிரகாரம் நடக்கிற ஆள். குளிருதாமெண்டு நீங்களே போன் எடுத்து அவனுக்குச் சொல்லியிருப்பியள்."

அது உண்மை. சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை மனோர் பார்க் நண்பர் போன் எடுத்தார். அவர் எப்போதும் பகிடியோடுதான் தொடங்குவார்.

"அண்ணை, நீங்கள் சொல்லி வாங்கின சாமான் நல்ல சாமான். ஆனால் நாலு மணிக்குப் பிறகு வேலை செய்யுதில்லை. மனுசி சொல்லுது, அது ஓவர்ரைம் கேக்குதாம்."

"எந்த அறை?"

"முன்னறைதான். காலமை அச்சாவா இருக்கு. பொழுதுபட்டால் செத்துப்போகும். பிறகு ஒரு நேரத்தில தன்பாட்டில உயிர் வரும். வெள்ளிக்கிழமையெண்டால் இன்னும் மோசம். அண்ணையை நம்பி வாங்கினனான், அண்ணைதான் ஒரு வழி சொல்லவேணும்."

அவர் குறையாகச் சொன்னார். எனக்கு அது சாட்சியாகப் பட்டது. இரண்டு வீடு, ஒரே அறை, ஒரே நேரம். ஒரு மூடி பழுதாகலாம். இரண்டு மூடி ஒரே நேரத்தில் தினமும் பழுதாகாது. அந்தச் செவ்வாய்க்கிழமை நானும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போய் நன்றாக இருண்ட பின்புதான் வந்தோம். அன்று விளக்கு வைக்கப் பிந்திவிட்டது. வந்து கதவைத் திறந்தபோது முன்னறை இதமான சூட்டில் இருந்தது நினைவுக்கு வந்தது.

"உங்கட வீட்டில விளக்கு வைக்கேக்கை முன்கதவு திறக்கிறனீங்களோ?"

"இதென்ன கேள்வி அண்ணை? கதவைப் பூட்டிக்கொண்டு ஆர் விளக்கு வைக்கிறது? வெள்ளிக்கிழமையெண்டால் பாட்டு முடியுமட்டும் திறந்துதான் கிடக்கும்."

"முன்னறைக் கதவும்?"

"அதையும் திறக்காட்டில் லட்சுமி ஹோல்லயே நிண்டிட்டுப் போகோணும்."

அன்று பொழுதுபடும் நேரத்தில் நான் தேவாரத்தை நின்று பாடவில்லை. ரேடியேற்றருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, பாடியபடியே மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி கதவைத் திறந்தார். தெருவின் குளிர் ஹோல் வழியாக நேரே வந்து என் முழங்காலில் பட்டது. சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூடிக்குள் ஒரு சிறு மோட்டார் கிர்ரென்று சுற்றிற்று. வளையத்தில் ஜன்னல் போன்ற ஒரு சிறிய நீல அடையாளம் தெரிந்து மறைந்தது. குழாயைத் தொட்டேன். ஓட்டம் நின்றுவிட்டது.

எனக்கு உடனே விளங்கிற்று. குளக்கட்டு உடைந்தது என்று செய்தி வந்தால் நாங்களும் முதலில் துருசைத்தான் அடைப்போம். உடைந்த பக்கம் தண்ணீர் வீணாகப் போகக்கூடாது. அறையின் வெப்பம் திடீரென்று விழுந்ததும் அந்த மூடி யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள் என்று கணக்கிட்டுக்கொள்கிறது. திறந்த ஜன்னலுக்குச் சூடு கொடுப்பது வீண். ஆகவே அடைக்கிறது, கதவு சாத்தியதை அறியாமல் குறித்த நேரம்வரை அடைத்தே வைத்திருக்கிறது. அதைச் செய்தவர்கள் முட்டாள்கள் அல்ல. குளிர்காலத்தில், பொழுதுபடும் நேரத்தில், வேண்டுமென்றே வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு வீட்டை அவர்கள் நினைத்திருக்கவில்லை. நானும் அந்த வகையைத் தெரிந்தெடுத்தபோது நினைக்கவில்லை. எங்களுக்கு அது மூச்சு விடுவது போன்றது; மூச்சு விடுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மகனுக்குப் போனில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் சொல் அவனிடம் ஏற்கனவே ஒருமுறை செல்லாமல் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். காரின் பின்புறத்தைச் சாமான் வைக்க ஒழித்துக்கொண்டு வந்திருந்தான். தேத்தண்ணீர் குடித்தபின், "அம்மா, இப்ப ரெண்டு சூட்கேஸ் எடுத்தால் காணும். மிச்சத்தைப் பிறகு எடுப்பம்," என்றான்.

"விளக்கு வைக்குமட்டும் இரு," என்றேன். "உன்ர போனைக் கையில வைச்சிரு. முன்னறையைப் பாத்துக்கொண்டிரு."

"அப்பா, இது என்ன..."

"கேட்டதைச் செய்."

நான் ரேடியேற்றருக்கு எதிர்ச்சுவரோரம் கதிரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். மனைவி விளக்கேற்றினார். போய் முன்கதவைத் திறந்தார். கார்டிகனை இழுத்துப் பிடித்தபடி வாசலுக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒதுங்கி நின்றார். நான் பாடத் தொடங்கினேன். குளிர் வந்தது. விளக்குச் சுடர் சாய்ந்து நிமிர்ந்தது. மூடிக்குள் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டது.

மகன் போனைப் பார்த்தான். பிறகு என் கைகளைப் பார்த்தான். நான் பாட்டை நிறுத்தவில்லை. பதிகத்தை முழுதாக முடித்தேன்.

அவன் போனைப் பைக்குள் வைத்தான். தாயிடம் போய்க் கதவைச் சாத்தினான்.

"அம்மா, ஒவ்வொரு நாளும் இந்தக் குளிருக்கை நிண்டனீங்களோ?"

"நான் நிக்காமல் ஆர் நிக்கிறது?"

"குளிருதெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ சூட்கேஸைப் பற்றிக் கதைப்பாய். சொல்லாமலே வந்து கதைக்கிறாய்."

அவன் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து போனில் நெடுநேரம் தேடினான். ஜன்னல் திறந்ததாக எண்ணி அடைக்கும் அந்த ஏற்பாட்டை ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியே நிறுத்தி வைக்கலாம் என்று கண்டுபிடித்து, முன்னறைக்கு மட்டும் நிறுத்தினான். பிறகு முன்கதவையும் முன்னறைக் கதவையும் அவனே திறந்து, குளிரில் நின்று, சாத்திவிட்டு வந்து ரேடியேற்றரில் கைவைத்துப் பார்த்தான். சூடு நிற்கவில்லை. சுவரில் தொங்கிய தெர்மோமீற்றரை நான் காட்டினேன். அதையும் பார்த்தான்.

தாயைப் பற்றி அவன் ஒன்று கேட்டான். அது நியாயமானதாக இருந்தபடியால் ஒப்புக்கொண்டேன். இனி அவர் விளக்கோடு அறைக்குள் நிற்பார்; முன்கதவைத் திறப்பதும் சாத்துவதும் நான். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "ஆம்பிளையள் திறந்தால் லட்சுமி வருவாவோ?" என்று கேட்டார். "நான் பாடிக்கொண்டு திறப்பன்," என்றேன். "அப்ப வந்தாலும் திரும்பிப் போயிடுவா," என்றார். மகன் சிரித்துவிட்டான். சிரித்தபின் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அவன் என்னிடம் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. வெளியே போய்த் திறந்து கிடந்த காரின் பின்கதவைச் சாத்திவிட்டு, கோட்டைக் கழற்றிக் கொளுவி, குசினியில் வந்து உட்கார்ந்தான். "அம்மா, இடியப்பம் இருக்கோ?" என்றான். சாப்பிட்டுவிட்டு வெறுங்காரோடு மோர்டனுக்குப் போனான். இருமல் மாறும்வரை தினமும் தாயோடு போனில் கதைத்தான். முன்னறையைப் பற்றி அதன்பின் என்னிடம் கேட்டதில்லை.

மனோர் பார்க் நண்பருக்கும் அந்த ஏற்பாட்டை நிறுத்தும் வழியைச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மண்டபத்தில், என்னைக் கேட்டு வாங்கியவர்கள் எல்லோருக்கும் நானே எழுந்து நின்று நடந்ததை விளக்கினேன். என் பேரைச் சொல்லி வாங்கியவர்களுக்கு என் வாயால் சொல்வது முறை.

இருந்தும் இப்போது மண்டபத்தில் வேறு கதை உலவுகிறது. நான் சிக்கனத்துக்காக மனைவியின் அறையைக் குளிரவைத்தேனாம். பிடிபட்டபின் கதவின்மேல் பழியைப் போட்டேனாம். மகன் எங்கள் வயதுக்கு இரங்கி விட்டுவிட்டுப் போனானாம். நான் ரேடியேற்றரை ஒருநாளும் நிறுத்தவில்லை. அதை நிறுத்தியது அந்த மூடி. மகன் இரங்கவில்லை, தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போனான். நாங்கள் இல்ஃபோர்ட்டில், எங்கள் வீட்டில்தான் இருக்கிறோம்.